ஜூனிபர் மரத்துக்கு ஊர் கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பாதிரியார் அப்பா கின்ஃபே அவர்களே, எங்கள் விதை மையத்தின் இயக்குநர் திரு. கெபயேஹு அவர்களே, துணைவியை இழந்து நிற்கும் திரு. தெஷாகெர் அவர்களே, அடிஸ் அபாபாவில் இத்தனை வனத்துறைக்காரர்களா என்று என்னை வியக்கவைத்த பெருமக்களே, வணக்கம்.

டாக்டர் செனெபெச் அயலேவ் மறைந்துவிட்டார். அவருக்குப் பக்கத்து மேசைக்காரன் நான். அவரைப் பற்றி அழுதுகொண்டே பேச எனக்கு வராது.

வடக்கே திக்ராயில் நிற்பதும் ஜூனிபர், தெற்கே பாலேயில் நிற்பதும் ஜூனிபர். எல்லாம் ஒன்றுதானே என்றிருந்தோம். அப்படி இராதவர் யார்? செனெபெச். வறண்ட வடக்கு மரங்களும் மழை மிகுந்த தெற்கு மரங்களும் ஒரே இனமானாலும், நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து மாறிப்போனவை என்று மரபணுவைப் பார்த்துச் சொன்னவர் யார்? செனெபெச்.

வடக்கே ஒரு மொட்டை மலையில் மரம் நடவேண்டியிருந்தது. கீழே இருந்த ஊரின் ஊற்று வற்றிக்கொண்டிருந்தது. எல்லா விதையையும் ஒன்றாகக் கலக்கச் சொன்னார் இயக்குநர். செனெபெச் வடக்கு விதை மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்திரிங்கம்மா, வேலை கெடுது."

"கெடட்டும். எனக்குக் காபியை இங்கயே அனுப்பிடுங்க."

"ஜூனிபர்னா ஜூனிபர்தானே?"

"அப்ப உங்களை அஃபார் பாலைவனத்துல குடிவைக்கிறேன். மனுஷன்னா மனுஷன்தானே?"

மூன்றாம் சுற்றுக் காபிக்குள் இயக்குநர் இறங்கிவந்தார். வடக்கு மலையிலும் பாலேயிலும் இரண்டு வகைக் கன்றுகளும் சோதனைக்காக அருகருகே நடப்பட்டன.

மறு ஆண்டு வடக்கே மழை பொய்த்தது. வடக்கு மலையில் தெற்கத்திக் கன்றுகள் கருகின. வடக்குக் கன்றுகள் நின்றன.

"ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார் இயக்குநர்.

செனெபெச் அவரைப் பாலேக்கு இழுத்துப்போனார். அங்கே தெற்கத்திக் கன்றுகள் இடுப்பளவு நிற்க, வடக்குக் கன்றுகள் முழங்காலைத் தாண்டாமல் நோஞ்சானாக இருந்தன.

"எதுவும் ஒசத்தி இல்லைங்க. எந்த ஊருன்னு கேட்டுட்டு நடணும், அவ்வளவுதான்."

இதோ, இயக்குநர் சிரிக்கிறார். அவர் சிரிக்கலாம். பிறகு அந்த வடக்கு மலை முழுக்க வடக்குக் கன்றுகளையே நட்டோம்; கீழே அந்த ஊற்றில் இன்று தண்ணீர் ஓடுகிறது.

போன வாரம் மருத்துவமனையில் செனெபெச் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஹரார் மலை விதை மட்டும் நம்மகிட்ட இல்ல. அங்க மரத்தைக் கரிக்கு வெட்டுறாங்க."

"உடம்பு தேறட்டும்க்கா, சேர்ந்தே போவோம்."

"நான் எங்கே தேற? அழுறதா இருந்தா சீக்கிரம் அழுது முடிங்க. காய் முத்துறதுக்குள்ள அங்க போயிடுங்க."

நேற்று ஹராரிலிருந்து பேசினார்கள். காய்கள் முத்துகின்றனவாம், நீலம் ஏறத் தொடங்கிவிட்டதாம். ஆகவே பெருமக்களே, இன்று அழுது முடிப்போம். வியாழக்கிழமை காலையில் வண்டி கிளம்புகிறது. வண்டியில் இடம் இருக்கிறது.