ஒன்பதாவது டேக்

— இன்னொருக்கா அந்த போனைத் தொட்டீங்கன்னா, கண்ணாடியை எறக்கி வெளிய வீசிப்போடுவேனுங்ணா. பாத்துட்டே இருந்தா மட்டும் அடிச்சுருமா?

— ரைட், ரைட். சைலன்ட்ல கெடக்குதான்னு பாத்தேன். நீ ரோட்டைப் பாரு வசந்தா.

— ரோடு எங்கீங் தெரியுது? சுகர் லேண்ட் வீட்டுல இருந்து ஏர்போர்ட்டுக்குக் கெளம்பி முக்கா மணி நேரமாச்சு, இன்னும் இந்த ட்ரக்குக்குப் பின்னாலதான் ஊந்துட்டு இருக்கறோம். ஹாஸ்பிடல் பார்மசில இருந்து ரிடையர் ஆயிட்டேன், இந்த ஃப்ரீவே என்னை ரிடையர் பண்ண மாட்டேங்குது.

— அஞ்சு மணிக்கு ஃப்ளைட். ரெண்டு மணிக்குள்ள கூப்புடறேன்னு ஏஜென்ட் சொன்னா. அந்த வேசம் கெடைச்சுதுன்னா லண்டனுக்கு ஏறவே மாட்டேன், நேரா லாஸ் ஏஞ்சலஸ். கெடைக்கலைன்னா...

— கெடைக்கலைன்னா ஏறிப் போங். இங்க யாரும் உங்களை வெரட்டல, அங்க யாரும் உங்களைத் தேடல.

— அதைத்தானே நானும் சொல்றேன், யாரும் தேடல! ஒன்பது வருசம் பிரிட்டிஷ் டிவில ஊரையே சிரிக்க வெச்சவன். பஸ்ல ஏறுனா டிரைவரு டிக்கெட் வேண்டாம்பான். இப்ப என்ன பண்றேன் தெரியுமா? மெடிக்கல் காலேஜ்ல நெஞ்சுவலின்னு படுத்து நடிக்கறேன். படிக்கற புள்ளைக கேள்வி கேட்டுப் பழகணுமில்ல, அதுக்கு. ஒரு நாளைக்கு இருபது தடவை சாகப் போற மாதிரி மொகத்தை வெச்சுக்கணும்.

— அதையாச்சும் நல்லாப் பண்றீங்களா?

— போன மாசம் ஒரு பொண்ணு நெஜமாவே ஆம்புலன்ஸைக் கூப்புட்டுட்டா.

— அப்பறமென்னுங்ணா, பொழச்சுக்குவீங்க. அந்த ஏசியை நோண்டாதீங்.

— வேர்க்குது வசந்தா. அறுபத்தேழு வயசு. இது போச்சுன்னா இன்னொண்ணு வராது. நானே என்னை நடிகன்னு சொல்லிக்கறது இதோட முடிஞ்சுரும். பயமா இருக்குது... இரு. இரு இரு. நான் எதை அனுப்புனேன்?

— என்னத்தை?

— ஆடிஷன் வீடியோவை. ஏழாவது டேக்குதானே நல்லா வந்துச்சுன்னு பேசிக்கிட்டோம்?

— ஆமாங். உங்களுக்கு மோட்டல்காரரு வேசம், நான் பொண்டாட்டி. போனுக்குப் பின்னால நின்னுட்டு, பேப்பரைப் பாத்து எதிர்ப்பேச்சுப் படிக்கச் சொன்னீங்க. கூடப் பொறந்த அண்ணனைப் போயி டார்லிங்னு கூப்புட்டேன், அந்தக் கருமத்தை மறப்பனா?

— ஏழு போகல. ஒன்பது போயிருக்குது.

— ஒன்பதுல என்ன பண்ணுனோம்?

— சண்டை போட்டோம்.

— அய்யோ சாமி! அது ஓடிட்டா இருந்துச்சு? நீங்க நிறுத்திப்போட்டீங்கன்னு நெனச்சேனே!

— நிறுத்தல. பாதி சீன் வரைக்கும் ஒழுங்காப் படிக்கறே. அப்பறம் பேப்பர் பறந்து வந்து என்ற மூஞ்சில விழுது. அப்பறம் நீயே கேமரா முன்னால வந்து நின்னு கத்தறே. நாலு நிமிசம்.

— நைட்டிலயா?

— அந்தப் பச்சை நைட்டில.

— இதென்ன கெரகமுங்ணா! கண்ணாடியைப் போட்டுட்டு அனுப்பறதுக்கென்ன? முந்தாநாளு அனுப்புனதை இப்பப் போயிப் பாக்கறீங்க!

— கூப்புட்டுச் சொல்லட்டா? தப்பாப் போயிருச்சு, இந்தா ஏழாவதுன்னு?

— ரெண்டு மணிக்குச் சொல்றேன்னவங்ககிட்ட ஒன்றரைக்குப் போயா? கம்முனு இருங். தமிழ்லதானே திட்டுனேன், அவுங்களுக்கு என்ன புரியும்?

— எனக்குப் புரிஞ்சுதே.

— புரியட்டும்னுதான் சொன்னேன். மெயில்ல எழுதியிருந்தாங்களா இல்லீங்களா, சொந்தக் கொரல்ல நேச்சுரலாப் பண்ணுங்கன்னு? எட்டு டேக்கும் எப்படியோ பண்ணீங்க. ஒன்பதாவதுல திரும்ப நம்மளைப் பெத்த அய்யனாட்டமே நடிச்சீங்க. பெல்ட்டை வேட்டி மாதிரி இழுத்து இழுத்து விட்டுட்டு, கழுத்தை ஒரு பக்கமாச் சாச்சு, ஒரு பேச்சுக்கு முன்னால ரெண்டு கனைப்பு. டிவில அந்தக் கடைக்காரன் வேசத்துல ஒன்பது வருசம் பண்ணுனீங்களே, அதே கூத்து. எனக்குப் பத்திட்டு வந்துருச்சு.

— பதட்டத்துல தானா வந்துருச்சு வசந்தா. எனக்குன்னு ஒரு கொரலு இருக்குதான்னே தெரியல. நூல் மில் படிப்பு படிக்கறேன்னு இங்கிலாந்துல லெஸ்டருக்குப் போனவன், படிப்பை உட்டுட்டு நாடகக்காரங்க பின்னால போனேன். இந்தியனை மாதிரி பேசு, பேசுன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே இந்தியன் அய்யன்தான். ஊர்ல இருந்து நான் கொண்டு போனது அவரு நடக்கற நடை மட்டுந்தான்.

— அதை வெச்சு வெள்ளைக்காரனைச் சிரிக்க வெச்சீங்க.

— ஆமா. சிரிக்க வெச்சேன். சோறும் தின்னேன்.

— அந்த டிவி நாடகத்தைக் கேசட்டுல போட்டு அனுப்புனீங்களே நம்மூரு கோபிக்கு, ஞாவகம் இருக்குதுங்களா? ஒறம்பரை, சொந்தக்கார சனமெல்லாம் கூடிட்டாங்க. பஸ் டெப்போவுல டைம்கீப்பரு வேலை முடிச்சு வந்த அய்யன், யூனிபாரத்தைக் கூடக் கழட்டாம உக்காந்து பாத்தாரு. பாத்துட்டு, "பையன் நல்லாத்தான் பண்றான். ஆனா யாரையோ பாத்த மாதிரியே இருக்குதே, யாரு அந்த ஆளு?"ன்னு கேட்டாரு. நம்மம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.

— இதைத்தான் ஒன்பதாவது டேக்குல சொன்னே.

— முப்பது வருசம் உள்ளயே வெச்சிருந்தேன். சொல்லாமயே போயிரலாம்னுதான் இருந்தேனுங்ணா.

— அதுக்கு நான் என்ன பண்ணுனேன்னு தெரியுமா? இப்பத்தான் பாத்தேன். நின்னுட்டே இருக்கறேன்.

— அழுதீங்க.

— ரைட். அழுதேன்.

— போச்சாது போங். இந்தாங் தண்ணி. குடிங். இந்த நடிப்புப் பொழப்புப் பக்கம் எம்பட பேரன் பேத்தி ஒண்ணு கூடத் தலை வெச்சுப் படுக்கக் கூடாது... போனு! போனு அடிக்குதுங்ணா!

— எங்க? எங்க போச்சு?

— சீட்டுக்கு அடியில! எடுங்!

— ஹலோ... யெஸ், நஞ்சுண்டன் ஸ்பீக்கிங்... யெஸ், நைன். அது வந்து, ஐ கேன் எக்ஸ்ப்ளெயின்... ஓ... ஓ... ரியலி?... நோ, நோ, ஷீ இஸ் மை சிஸ்டர்... ஐ சீ... ரைட்... ரைட்... தேங்க் யூ.

— என்னுங்ணா? என்ன சொன்னாங்? வாயைத் தொறங்!

— ஒன்பதாவதை எல்லாரும் உக்காந்து பாத்தாங்களாம். டைரக்டரு, ரைட்டரு, எல்லாரும். திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்களாம்.

— சண்டை போட்டதையா?

— அவுங்க அதை நடிப்புன்னு நெனச்சுட்டாங்க. இந்த மாதிரி பாத்ததே இல்லைன்னாங்களாம்.

— அப்பக் கெடைச்சுருச்சா! பழனியாண்டவா! அழுததுக்குத்தான் கெடைச்சிருக்குது! இருங், அடுத்த எக்ஸிட்ல திருப்பறேன். ஏர்போர்ட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்குப் போயி மொதல்ல பாயாசம் வெக்கறேன்.

— திருப்பாதே. என்னை எறக்கி உட்டுட்டு அப்பறம் திருப்பு.

— என்னுங்ணா ஒளர்றீங்?

— புருசன் வேசத்துக்கு நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்களாம் வசந்தா. பொண்டாட்டி வேசத்துக்குத்தான் ஆறு மாசமா ஆளு கெடைக்காம இருந்துச்சாம், திங்கக்கெழமை உன்னை வரச் சொல்றாங்க.