விருந்தாளிகளுக்கு மிச்சம் வைக்காத வேலை

பெருமைக்குரிய அவைத்தலைவர் அவர்களே, பொறுமையே உருவான போதகர் ஐயா அவர்களே, நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே, பதினோரு நாளாக அடுப்படியை ஆண்ட தாய்மார்களே, அவர்கள் ஏவியதையெல்லாம் எடுத்துக்கொடுத்த அப்பாவித் தந்தைமார்களே, கடல் கடந்து எங்களைத் தேடி வந்து, நாளைக் காலை எங்களை விட்டுப் பறக்கப்போகும் ஊழியக்குழுவின் ஒன்பது உறவுகளே! விருந்தோம்பல் குழுத் தலைவனும், பிழைப்புக்குப் பேருந்து ஓட்டுபவனுமாகிய அடியேனின் அன்பு வணக்கம்.

"சீக்கிரம் வண்டிய எடுங்க" என்கிறார் பின்னால் ஒருவர். எடுத்துவிட்டேன் ஐயா, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாம் யார்? பிழைக்க வந்த நாட்டிலே பழைய கிடங்கொன்றை வாடகைக்குப் பிடித்து, அதிலே சிலுவையை நிறுத்தி, ஆலயம் என்று அழைத்து அகமகிழ்கிறவர்கள். சுவரிலே விரிசல், சன்னலிலே துரு. கதவோ தள்ளினால் திறக்காது, தள்ளாவிட்டால் தானே திறக்கும். ஆகவே அடியேன் தாய்நாட்டுச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொத்து வேலை, தச்சு வேலை, பெயிண்ட் வேலை தெரிந்தவர்களை அனுப்புங்கள், ஆலயத்தைச் செப்பனிட வேண்டும் என்று கெஞ்சினேன். அவர்களும் இசைந்தார்கள்.

அவர்கள் வருகிறார்கள் என்றதும் நமக்கு என்ன வந்தது? மகிழ்ச்சி வந்ததா? வெட்கமல்லவா வந்தது!

"வர்றவங்க இந்தச் சுவரைப் பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார் சலவைக்கடை அக்கா.

"லேசா ஒரு கோட்டிங் அடிச்சிரலாமே" என்றார் அவர் கணவர்.

லேசாகத்தான் தொடங்கினோம். சுவர் வெளுத்ததும் சன்னல் அசிங்கமாகத் தெரிந்தது, சன்னலைச் சுரண்டினோம். சன்னல் மின்னியதும் கதவு பல்லிளித்தது, கதவை மாற்றினோம். விமானம் தரையிறங்கிய அதே நேரத்தில், கடைசி பெஞ்சுக்குக் கடைசி ஆணியை அறைந்துகொண்டிருந்தோம்.

வந்தார்கள் ஒன்பது பேர், கரணையோடும் உளியோடும். கொத்தனார் ஐயா சுவரைத் தடவினார், தட்டினார், என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நாங்க எதுக்கு வந்தோம்?"

"முதல்ல சாப்பிடுங்க ஐயா" என்றேன்.

சாப்பிட்டார்கள். மறுநாளும் சாப்பிட்டார்கள். துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கினோம். தட்டைக் கழுவப் போனால் தடுத்தோம். நாற்காலியைத் தூக்கினால் அதிலேயே அவர்களை உட்கார வைத்தோம். சிரிக்கிறீர்கள், பிடுங்கியவர்களே நீங்கள்தான்.

மூன்றாம் நாள் தச்சுவேலை அக்கா கண்கலங்கினார். "ரெண்டு வருஷம் லீவு சேர்த்து வச்சு வந்தேன் அண்ணே. ஊர்ல போய் என்ன சொல்ல? நல்லாத் தூங்கினேன்னா?" கொத்தனார் ஐயா முன்கூட்டியே திரும்ப முடியுமா என்று விசாரித்தார். என் கடிதத்தை நம்பி வந்தவர்கள் மனம் வெறுத்துத் திரும்பப் போகிறார்களே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலையில் மழை கொட்டியது. தச்சுவேலை அக்கா தங்கியிருந்தது என் அண்ணி வீட்டில். என் அண்ணன் காலமாகி நான்கு ஆண்டுகள். அண்ணி வீட்டுக்கு நாம் போகாமலா இருந்தோம்? போனோம். முன்னறையில் உட்கார்ந்தோம், "நல்லாருக்கீங்களா?" என்றோம், "நல்லாருக்கேன்" என்றார், வந்துவிட்டோம். ஒருநாளாவது சமையலறைக்குள் எட்டிப் பார்த்தோமா? விருந்தாளி பார்த்தார். அங்கே அடுப்புக்கு மேலே விரித்த குடை ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே நின்று அண்ணி சமைத்துக்கொண்டிருந்தார். ஓட்டையான கூரைக்கு நான்கு மழைக்காலமாக அதுதான் வைத்தியம்.

அடுத்த நொடி எனக்குத் தொலைபேசி. "அண்ணே, வேலை கிடைச்சிருச்சு." அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

ஓடினேன். "ஏன் அண்ணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ராத்திரி பகலா வண்டி ஓட்டுறீங்க தம்பி. இதுல என் வீட்டு ஓட்டையையும் சொல்லி உங்க உயிரை வாங்கணுமா?"

அன்பர்களே, அன்று நான் அந்த ஈரத்தரையில் வெட்கி நின்றேன். சுவரைப் பார்த்தோமே, சொந்தத்தைப் பார்த்தோமா? விருந்தாளி முகம் சுளிப்பாரோ என்று வியர்த்தோமே, நம் வீட்டுப் பெண் நனைகிறாளே என்று துடித்தோமா? ஏழே நாளில் அந்தக் கூரையை மாற்றித் தந்த இந்த ஒன்பது பேரின் கைகளை நான் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். வீட்டில் ஓர் ஓட்டையை வைத்துக்கொண்டு வெளியே சொல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்.

யாருமில்லையா? சரி, நானே தூக்குகிறேன். என் வீட்டுக் குளியலறைக்கு எட்டு மாதமாகக் கதவு கிடையாது, போர்வைதான். சிரியுங்கள், என் மனைவியும் சிரிக்கிறாள் பாருங்கள். அதோ ஒரு கை. சலவைக்கடை அக்கா, நீங்களுமா? இதோ இன்னொன்று. போதகர் ஐயா, நீங்களுமா? அவைத்தலைவரே, நீங்களும் உங்கள் கையைத் தாராளமாக உயர்த்துங்கள், மேடை நாகரிகம் கெட்டுவிடாது.

கொத்தனார் ஐயா எழுந்துவிட்டார். உட்காருங்கள் ஐயா. இந்த வேலையையும் உங்களிடமிருந்து பிடுங்கத்தான் போகிறோம். இம்முறை யாருக்கும் பயந்து அல்ல. கை தூக்கியவர்கள் முகவரியைக் கொடுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமையன்று முதல் வீடு, போதகர் வீடு.

இறக்கிவிடும் இடம் வந்துவிட்டது. பொறுமையோடு பயணம் செய்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, விடைபெறும் விருந்தினரை வணங்கி அமர்கிறேன்.