பானெட் மேல் ஒரு சிவப்புத் துணி

காரின் எஞ்சின் ஏன் சூடாகிறது என்று யாரைக் கேட்டாலும் தண்ணீர் குறைந்திருக்கும் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். நீங்கள் வந்த ஜீப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வாசலில் நிறுத்தியபோது அடியில் சொட்டுவதைக் கவனித்தேன். பச்சையாக இருந்தால் எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட். நிறமே இல்லையென்றால் ஏசித் தண்ணீர், பயமில்லை.

இந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்கிறீர்கள். நான் மாணவர் விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் ஆயுளில் பாதி பெரிய பெரிய பிரஷர் குக்கர்களுக்கு நடுவில் போயிற்று. நீராவியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் என் மகன் சொன்னது. அவனுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைதான். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவன் அப்பாவோடு இந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். அப்பா போன பிறகு கார் எனக்கு வந்தது. மகன் மருமகளுக்குப் போனான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உலக நடைமுறை அதுதான்.

ஊரின் அந்தக் கோடியில் வீடு எடுத்தார்கள். எப்போதாவது வருவான். வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கடிகாரத்தைப் பார்ப்பான். மருமகளும் நானும் எலியும் பூனையும் மாதிரியா என்று கேட்காதீர்கள். அதற்குக்கூடக் கொஞ்சம் நெருக்கம் வேண்டும்.

முதல் தடவை வண்டி தானாகத்தான் கெட்டது, அதில் என் கை இல்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போது சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. போன் செய்தேன். அடுத்த விடுமுறை நாளில் ஸ்பேனர் பெட்டியோடு வந்து நின்றான். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸைத் தொட்டான், கீழ் ஹோஸைத் தொட்டான். என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினான்.

"மேல கொதிக்குது, கீழ ஜில்லுனு இருக்கு பாரு. தண்ணி சுத்தவே இல்லம்மா. தெர்மோஸ்டாட் மூடிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குது."

வண்டி ஆறிய பிறகு இரண்டு போல்ட்டைக் கழற்றி, குறடால் கடித்து அதை வெளியே இழுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைச் சாமான். உடனே என் பால் பாத்திரத்தைக் கேட்டான்.

"பால் பாத்திரத்திலயா? வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?"

"நீ கொதிக்க வை, ஒரு வேடிக்கை காட்டுறேன்."

அதன் வால்வை நெம்பி இடுக்கில் ஒரு நூலைக் கடிக்க வைத்தான். நூலைப் பிடித்துக் கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டான். நல்லதாக இருந்தால் சூட்டில் வால்வு திறக்கும், நூலை விட்டுவிட்டுக் கீழே விழும். கெட்டதாக இருந்தால் அப்படியே தொங்கும். பழையது தொங்கியது. வாங்கி வந்திருந்த புதியது கொஞ்ச நேரத்திலேயே டங்கென்று பாத்திரத்தில் விழுந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். பிறகு சாப்பிட்டான், சோபாவில் படுத்துத் தூங்கினான். அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குப்பைக் கூடையில் அவன் போட்ட பழையதை எடுத்துக் கழுவி, கரண்டி அலமாரியில் வைத்தேன். நல்ல பித்தளை, எறிய மனம் வரவில்லை.

அதன்பின் அவன் வெகுநாள் வரவில்லை. நான் ஹோஸ் கிளிப்பை ஒரு திருகு தளர்த்தினேன். வந்தான். அடுத்த முறை கூலன்டைக் கொஞ்சம் சாக்கடையில் ஊற்றினேன். வந்தான். பிறகு ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி வைத்தேன். வண்டியைக் கெடுத்தேன் என்றால் அது பெரிய வார்த்தை. அவன் கையால் சரியாகக்கூடிய அளவுக்குத்தான் செய்தேன். அவனுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. "இந்த வண்டிக்கு என்மேல பாசம் ஜாஸ்தி, நான் வரலன்னா காய்ச்சல் வந்துடுது" என்பான்.

நீங்கள் கேட்கிற சிவப்புத் துணி அப்போது வந்ததுதான். முற்றத்தில் வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கும். பானெட்டைத் தொட்டால் அது வெயில் சூடா எஞ்சின் சூடா என்று சொல்ல முடியாது. ஒருமுறை, அப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டி என்று தெரியாமல் அவன் ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டான். நான் கத்தினேன். எனக்குத் தெரியாதா, அது குக்கர் மூடிதானே. அன்று அவனே ஒரு வழக்கம் ஏற்படுத்தினான். வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்தால் என் சமையலறையின் சிவப்புத் துணியைப் பானெட் மேல் விரிக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

"துணி கிடந்தா நான் மூடியத் தொட மாட்டேன். இல்லன்னா கண்ண மூடிக்கிட்டுத் திறப்பேன். என் உயிரு உன் கையில இருக்கும்மா" என்றான், சிரித்துக்கொண்டே.

அதில் ஒருநாளும் தவறியதில்லை நான். அந்த ஒரு நாளைத் தவிர.

மருமகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. விமானத்தில் போகிற தூரம். அவனும் அங்கேயே மாற்றல் வாங்கிவிட்டான். எல்லாம் முடிவான பிறகு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொன்னான். "தினமும் போன் பண்றேன்மா. இந்த வண்டிய வித்துடலாம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒருநாள் வந்து பாத்துக் குடுத்துடறேன்." நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டேன். அழுது பார்க்கலாம், காலில்கூட விழலாம், ஆனால் அவன் போவான் என்று தெரிந்துவிட்டது. அப்படிக் கையாலாகாமல் நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

அவன் வருவதாகச் சொன்ன நாளில் ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். முள் உச்சிக்குப் போனதும் அணைத்தேன். ஒயரைத் திரும்ப மாட்டினேன். துணியை எடுத்துத் துவைக்கப் போட்டேன். எண்ணெய்க் கறை இருந்தது.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தான். சாமான் கட்டுவதைப் பற்றி மருமகள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக முதலில் ஹோஸை அழுத்திப் பார்ப்பான், அன்று அவசரம். பானெட்டைப் பார்த்தான். துணி இல்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். அவன் நின்ற இடம் கூப்பிடு தூரம்தான். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஒரு கைதான் வேகும் என்று நினைத்தேன். இதோ பாருங்கள், என் கைகளில் எத்தனை தழும்பு. எல்லாம் ஆறியவைதான். கை வெந்தால் பயணம் தள்ளிப்போகும். மூட்டை கட்ட முடியாது, ஊட்டிவிட ஆள் வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். அவன் குனிந்து திறப்பான் என்று நான் யோசிக்கவில்லை. அவன் உயரமானவன், குனிந்துதான் ஆக வேண்டும்.

கொதிநீர் பீறிட்டு அடித்த அவன் முகத்தில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் முகம் தப்பியது என்று டாக்டர் பாராட்டினார். கண்கள் தப்பவில்லை.

மருமகள் அழுதாள், கூடவே இருந்தாள். வேலை அவளுக்காகக் காத்திருக்காது, ஒருநாள் கிளம்பினாள். "அத்தை, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள். அவள் என்னை அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டது அன்றுதான். அந்த நம்பிக்கைக்கு நான் குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். கட்டிலிலிருந்து குளியலறைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவான். சில சமயம், "அம்மா, இப்ப வெளிச்சமா இருக்கா?" என்று கேட்பான். எனக்கு நெஞ்சு உடைந்துபோகும். ஆனாலும் சொல்கிறேன், அவன் பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் என்னோடு இருந்ததே இல்லை.

பிறகு டாக்டர் நம்பிக்கை கொடுத்தார். யாராவது தானம் செய்த கருவிழி கிடைத்தால் ஒரு கண்ணையாவது மீட்கலாம். அழைப்பு வந்தவுடன், அன்று மதியத்துக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார். பார்வை வந்த மறுநாளே டிக்கெட் போடுவதாக அவன் மருமகளிடம் போனில் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு களை. அன்று அவன் தூங்கும்போது முற்றத்துக்குப் போய், இரண்டு போல்ட்டைக் கழற்றி, கரண்டி அலமாரியில் இருந்ததை மாட்டினேன். பார்த்துப் பார்த்துப் பழகிய வேலை, கஷ்டமாக இல்லை.

அழைப்பு ஒரு காலையில் வந்தது. கிளம்பினோம். பாலத்தைத் தாண்டுவதற்குள் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டான். "ஹீட்டர ஃபுல்லா போடும்மா, எஞ்சின் சூட்ட அது இழுத்துக்கும். நிறுத்தாத, போ" என்றான். நான் வண்டியைத் திருப்பி, முக்கி முனகி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

"டாக்ஸிக்கு அடிம்மா."

போனைக் காதில் வைத்துப் பேசினேன். வர முடியாதா, கொஞ்சம் பார்த்து அனுப்புங்களேன் என்று கெஞ்சினேன். எதிர்முனையில் யாரும் இல்லை. அவன் போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் போடுவது என் பொறுப்பு.

மதியம் கடந்தது. அவன் அழவில்லை. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தடவித் தடவி முற்றத்துக்குப் போய் பானெட்டைத் தூக்கினான். ஆறிவிட்டது என்று நான் சொன்னேன். மேல் ஹோஸின் மீது கையை வைத்துக்கொண்டு, அது முழுதாக ஆறும்வரை வெயிலில் அப்படியே நின்றான். பிறகு விரலாலேயே போல்ட்டைத் தேடிக் கழற்றி, அதை எடுத்தான்.

"தண்ணி கொதிக்க வை. நூலு எடு."

சமையலறையில் அவனே நூலைக் கடிக்க வைத்தான். பாத்திரம் இருக்கிற இடத்துக்கு அவன் கையைப் பிடித்து நகர்த்தினேன். தண்ணீர் கொதித்தது.

"திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சு. விழுந்துடுச்சுப்பா. இதுல கோளாறு இல்ல."

நூல் அவன் விரலில்தான் இருந்தது.

"அம்மா, நூல் இன்னும் கனமா இருக்கு."

எடுத்து, சூட்டோடு சூடாக, விளிம்பைத் தடவிப் பார்த்தான். குறடு கடித்த தடம் அதில் இருந்தது. அந்தத் தடத்திலேயே அவன் கட்டைவிரல் நின்றது.

"அன்னைக்கு அந்தச் சிவப்புத் துணி எங்க இருந்துச்சு?"

"துவைக்கப் போட்டிருந்தேன்" என்றேன். அவனிடம் அந்த விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை.

எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனான். வாசல்படி தெரியாமல் விழுந்தான். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். "தொடாதீங்க" என்றான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்வான். அன்று முதன்முதலாக மரியாதை கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினைச் சூடாக்கியது நான். துணியை எடுத்தது நான். ஜன்னலில் நின்று பார்த்ததும், பழையதை மாட்டியதும், இல்லாத டாக்ஸிக்குப் பேசியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மருமகள் கொடுத்த புகாரில், பெற்ற பிள்ளையை வீட்டில் அடைத்து வைத்தாள் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த வீட்டுக் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. அவன் நினைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம்.