பேரு சொல்லிக் கூப்பிடுற ஊரு

ரோடும் லைட்டும் இந்தக் கரைக்கு வராத காலம். நரிமுனைன்னு ஒரு ஊரு. தெக்க பாத்தா கடல். அந்த ஊருல இன்னாசியம்மான்னு ஒருத்தி இருந்தா. புருசன் சந்தியாகு, கட்டுமரத்துல கடலுக்குப் போறவன்.

ஒரு ஐப்பசியில காத்து கெளம்புச்சாம். வடக்கேயிருந்து வந்த காத்து. ஓலைக்கூரை பூராவும் பறந்துபோச்சு. கல்லுல கட்டுனது மாதா கோயில் ஒண்ணுதான். சனம் பூரா அதுக்குள்ள. காத்து கடலையே தள்ளிட்டுப் போச்சாம். தண்ணி கெடந்த எடமெல்லாம் வெறுஞ்சேறு.

மத்தியானம் போல காத்து சட்டுனு நின்னுச்சு. வெயிலும் அடிச்சுச்சு. மாதா காப்பாத்திட்டான்னு சனம் கதவத் திறந்து வெளிய வந்துச்சாம்.

இன்னாசியம்மாவும் வந்தா. வாசல் நெறையக் கடல்பறவைக. கையால தூக்குனாலும் பறக்கல. அண்ணாந்து பாத்தா. தலைக்கு நேர நீல வானம். சுத்திலும் கருமேகம் செவுரு வச்சாப்புல நிக்கி. வெளிய போக வழியில்லாமத்தான் இதுக இங்க விழுந்து கெடக்குன்னு அவளுக்குப் பட்டுச்சு.

"உள்ள போங்க. காத்து முடியல. நாம அதுக்கு நடுவுல நிக்கோம்"னா.

பறவைகளப் பாத்துட்டு எல்லாரும் உள்ள போனாக. சந்தியாகு மட்டும் மரத்த இழுத்துக் கட்டிட்டு வாறேன்னான். கையப் புடிச்சா. உதறிட்டுப் போயிட்டான்.

கொஞ்ச நேரந்தான். காத்து திரும்புச்சு. இப்ப தெக்கேயிருந்து. முன்ன அடிச்சத விட மூர்க்கமா. தள்ளிட்டுப்போன கடலையும் கூட்டிக்கிட்டு வந்துச்சாம். கோயில் வாசலோ கடலப் பாத்த வாசல். ஆம்பளைக கதவுல முதுகக் குடுத்து நிக்காக. தாப்பாக் கட்டைய இன்னாசியம்மா புடிச்சிருக்கா. இடுக்குல தண்ணி பீச்சுது.

அப்ப கதவு தட்டுச்சு. தட்டுச்சு, தட்டுச்சு, தட்டிக்கிட்டே இருந்துச்சு.

"மைனி, அது அண்ணந்தான்"னான் கொழுந்தன் தொம்மை. "திறக்கட்டா?"

உள்ள கெடந்த புள்ளைகள அவ பாத்தா. கதவு திறந்தா ஒண்ணும் மிஞ்சாது.

"பேரு சொல்லிக் கூப்பிட்டா நான் திறந்துருவேன், தொம்மை. அவரு கூப்பிடக் கூடாதுன்னு வேண்டிக்கோ"ன்னா.

யாரும் கூப்பிடல. பெறவு தட்டுறதும் நின்னுபோச்சு.

பொழுது சாயத் திறந்தாக. வாசல்ல ஒடஞ்ச மரத்துண்டு ஒண்ணு கெடந்துச்சாம். தட்டுனது அதுவா, அவனான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. சந்தியாகு கரை ஒதுங்கவே இல்ல.

அதுலயிருந்து நரிமுனையில யாரும் கதவத் தட்டமாட்டாக. தபால்காரரா இருந்தாலும் சரி, கட்டிக்குடுத்த மகளா இருந்தாலும் சரி, வாசல்ல நின்னு பேரு சொல்லித்தான் கூப்பிடணும். தட்டுனா எந்த வீடும் திறக்காது.