ஆமியில் இருந்தவன்

பதுளை டவுனில் கடை வாசலில் நிற்கிற காவலாளிக்கு உட்கார நாற்காலி கொடுக்கமாட்டார்கள், சேர். உட்கார்ந்தால் தூங்கிவிடுவான் என்ற பயம். றவூப் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் நானும் வருடக்கணக்காக நின்றுகொண்டுதான் இருந்தேன். இடது காலில் எனக்குப் பலம் குறைவு. வாலிப வயதில் தேயிலைத் தொழிற்சாலையின் மாடிப்படியில் சறுக்கி விழுந்தேன். அன்று மழை, காலில் செருப்பில்லை. அதன் கதை அவ்வளவுதான்.

ஒருநாள் சீமெந்து வாங்க வந்த ஒரு சிங்களப் பெரியவர், நான் காலை இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, "மகன், ஆமியிலயா இருந்தீங்க?" என்று அவருடைய பாஷையில் கேட்டார். நான் தலையைக் கொஞ்சம் குனிந்தேன். ஆம் என்று சொல்லவில்லை. என் காலைப் பற்றி ஒருவர் மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் ராணுவத்தில் வடக்கே போய்த் திரும்பவில்லையாம்.

உள்ளே கல்லாவில் இருந்த முதலாளி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன ரஜீவ், ஆமியில இருந்தீங்களா? இவ்வளவு காலமா ஒரு வார்த்த சொல்லல்லயே நீங்க," என்றார். அன்று மத்தியானம் வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

அந்த ஒரு சொல் மனிதர்களை என்ன செய்கிறது என்று நீங்களும் கவனித்திருப்பீர்கள். நீங்களும் சீருடைக்காரர்தானே. சிங்களச் சனங்கள் 'ரணவிரு' என்பார்கள், போர்வீரன் என்று அர்த்தம். பஸ்ஸில் எழுந்து இடம் விடுவார்கள். சிலர் சிரித்துக்கொண்டே, எத்தனை பேரைச் சுட்டீங்க என்பார்கள். பதில் சொல்லாவிட்டால் நிறையப் பேரை என்று அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பிக்கிற சரோஜாதேவி டீச்சர் ஒருநாள் பெயின்ட் வாங்க வந்தார். முதலாளி என்னைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். டீச்சரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் பெயின்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்காமல்தான் படியேறுவார். உண்மையைச் சொன்னால், பெரியவர் பிடித்த பிடியும் டீச்சருடைய பயமும் எனக்கு ஒரே ருசியாகத்தான் இருந்தன.

இப்போது என் தங்கச்சி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெயரூபன் மடுல்சீமைக்காரர். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆமிக்குப் போவது அபூர்வம். அவர் போனார். சிங்களம் நன்றாக வரும், பெரிய வாகனங்கள் ஓட்டுவார். சாரதியாகவே இருந்து பென்சனோடு திரும்பினார். மடுல்சீமையில் சொந்த அண்ணன்மார் அவரை வாசலோடு நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். என் தங்கச்சி தயானியைக் கட்டிக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்கு, எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். தொழிற்சாலை லொறி ஓட்டினார். லயத்து வீட்டு வரிசையின் ஒரு கடைசியில் என் வீடு, மறு கடைசியில் அவர்கள் வீடு. என் மனைவி குவைத்தில் இருப்பதால் எனக்கும் தயானிதான் சோறு கொடுத்தாள்.

அவருக்கு அந்தச் சொல் வேலை செய்யவில்லை. வந்த புதிதில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரோ கேட்டதற்கு, "ஆமியில இருந்தேங்க," என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பேச்சு நின்றுவிட்டது. பிறகு அவர் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். கோயில் கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். டவுனிலோ, சொன்னவுடனே அடையாள அட்டையில் அவருடைய தமிழ்ப் பெயரை இன்னொரு தடவை வாசித்துப் பார்ப்பார்கள். என் பெயரும் தமிழ்ப் பெயர்தான். ஆனால் எனக்கு நொண்டிக் கால் இருந்தது, அவருக்குக் கைகால் எல்லாம் சரியாக இருந்தன. சனங்கள் பெயரைவிடக் காயத்தைத்தான் நம்புகிறார்கள். அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். உடுத்தாமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிற கோட்டை இன்னொருவன் எடுத்து உடுத்தினால் யாருக்கு நட்டம், சேர்?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கொஞ்சம் சாராயம் ஊற்றிக் கொடுப்பேன். என்னிடம் மட்டும் பேசுவார். கடைசிச் சண்டை முடிகிற சமயம், வன்னியிலிருந்து வெளியே வந்த சனங்களுக்கு அவர் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியிருக்கிறார். ஒரு அம்மா வாளியை நீட்டினாராம். நிரப்பிக் கொடுத்துவிட்டு, "பாத்துப் போங்கம்மா, வழுக்குது," என்று இவர் வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டார். அந்த அம்மா நின்று, "நீ தமிழனோ?" என்று கேட்டார். பிறகு வாளியை இவருடைய காலடியிலேயே கவிழ்த்துவிட்டு வெறும் வாளியோடு போனாராம்.

"அவுங்க பின்னால ரெண்டு புள்ளைங்க நாக்கு வறண்டு நின்னுச்சு, மச்சான்," என்றார். "தயானிகிட்டகூட இத நான் சொன்னதில்ல."

அடுத்த நாள் கடையில் அந்தக் கதையைச் சொன்னேன். பவுசர் ஓட்டியது நான். கடைசியை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். அந்த அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்றேன். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்கிறவர்கள் எதைத் தாங்குவார்களோ அதைத்தானே கொடுக்க வேண்டும்.

மே மாதத்தில் டவுன் வியாபாரிகள் முன்னாள் படைவீரர்களைக் கூப்பிட்டுப் பாராட்டுவதாக ஏற்பாடானது. முதலாளி என் பெயரைக் கொடுத்தார். அந்தத் தண்ணீர்க் கதையை மேடையில் நான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அடையாள அட்டை எதுவும் யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயரூபன் கூரைத் தகரத்துக்கு ஆணி வாங்கக் கடைக்கு வந்தார். என் மச்சான் என்று தெரிந்ததும் முதலாளி அவருக்குத் தேத்தண்ணீர் வரவழைத்து, முழுக் கதையையும் அவருக்கே சொன்னார். பவுசர், வாளி, கும்பிட்ட கை, எல்லாம். ஜெயரூபன் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, ஆணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மச்சான், ஆமி கீமி எல்லாத்தையும் நீங்களே வச்சிக்கங்க. எனக்கு அதுனால ஒரு பிரயோசனமும் இல்ல," என்றார். "அந்தம்மாவ மட்டும் விட்டுருங்க."

"ஒரு கததானே, மச்சான்."

"அவுங்க கும்பிடல. மேடையில கும்பிட்டாங்கன்னு சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சு நின்னு இல்லன்னு சொல்லுவேன். ஒங்கள அசிங்கப்படுத்த இல்ல. அவுங்களுக்காக."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகப் பேசுகிறவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், ஆனால் உட்கார்ந்தது போலவே இல்லை.

அந்த நாட்களில் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைக் கேட்டை யாரோ உடைத்தார்கள். அதற்காக எங்கள் பக்கத்து வீட்டு இராக்கம்மா அக்காவின் மகன் சுபாஸை நீங்கள் வந்து பிடித்துக்கொண்டு போனீர்கள். பெயரைக் கொடுத்தது யார் என்று லயம் முழுக்க ஒரே பேச்சு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை, சேர். இராக்கம்மா அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மச்சான் நேத்து போன்ல ரொம்ப நேரம் சிங்களத்துல பேசிக்கிட்டு இருந்தாரு. சுபாஸ் பேரு வந்துச்சான்னு கேட்டா, எனக்குச் சரியா சொல்லத் தெரியல. ஆமியில இருந்தவரு பாருங்க," என்றேன். அதில் எந்த வார்த்தை பொய்? அக்காவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. நான் வீட்டுக்கு வந்து சட்டை தோய்த்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தயானி டவுனுக்குப் போயிருந்தாள். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. லயத்தின் அந்தக் கடைசியில் சத்தம் கேட்டது, அதன் பிறகு ஓடிவருகிற காலடி. ஜெயரூபன் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நெற்றியில் ஒரு பக்கம் வெடித்திருந்தது.

"மச்சான், என்ன கேக்குறாங்கன்னே புரியல. சுபாஸ நான் புடிச்சுக் குடுத்தேன்றாங்க. நான் போன்ல பேசினது பண்டாரவோட. ஆமியில கூட இருந்தவன், மஹியங்கனையில சொகமில்லாம கெடக்குறான்." மூச்சு வாங்கியது. "பின்னால யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாருங்க. கீழ ரோட்டுக்கு எறங்கிட்டா போதும்."

குசினிக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை, அதற்குக் கீழே பனி. இறங்கினால் இரண்டு முழத்தில் ஆள் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

"நிக்கிறாங்க," என்றேன்.

நான் வாயால் சொன்ன பொய் என்றால் அது ஒன்றுதான். அதை மறைக்க விரும்பவில்லை.

முன் கதவைத் தட்டினார்கள். "ரஜீவு, தொறப்பா. ஒன்ன ஒண்ணும் செய்யமாட்டோம்." இராக்கம்மா அக்காவின் குரல். அழுகிற குரல். ஜெயரூபன் என் தோளைப் பிடித்தார்.

"மச்சான், ஒங்க பேச்ச அவுங்க கேப்பாங்க. நீங்க சொல்லுங்க."

"சொல்றேன்," என்றேன்.

வழியில் ஒரு முக்காலி கிடந்தது. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று அதை ஓரமாக நகர்த்தி வைத்தேன். பிறகு தாழ்ப்பாளை இழுத்தேன். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அவரைக் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரிக்கத்தான். யாரோ ஒருவர் கையில் இரும்பு அலவாங்கு இருந்திருக்கிறது. நான் வெளியே போகவில்லை. ஈரக் காலோடு எல்லாரும் மிதித்துவிட்டுப் போன தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு மஹியங்கனையிலிருந்து பண்டார வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நடத்தி வந்தார்கள். பெட்டிக்கு முன்னால் கைத்தாங்கலை விலக்கிவிட்டு நேராக நின்று சல்யூட் அடித்தார். லயத்துச் சனம் நிலத்தைப் பார்த்தது. கேட்டை உடைத்ததை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டதை வைத்துத்தான் சுபாஸைப் பிடித்தீர்கள் என்பதும் அன்றுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. இராக்கம்மா அக்கா இப்போது உள்ளே இருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெற்ற மனம்.

பாராட்டுக் கூட்டத்தைத் தள்ளிவைப்போமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். பல பேர் வருகிற காரியம். மண்டபம் நிறைந்திருந்தது. மாலை போட்டார்கள். கதையைச் சொன்னேன். அன்று நன்றாக வந்தது, சேர். சொல்லும்போதே வன்னி வெயிலில் பவுசரின் ஸ்டியரிங் என் உள்ளங்கையைச் சுட்டது. அந்த அம்மாவின் முகம் எனக்குத் தெரிந்தது. கும்பிட்ட இடம் வந்ததும் சனம் எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டி உட்கார்ந்த பிறகும் பின்வரிசையில் ஒருத்தி நின்றுகொண்டே இருந்தாள். தயானி.

"அண்ணே," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "காலையில ஒங்க வீட்ட கூட்டிப் பெருக்க வந்தேன். சனம் கதவ ஒடச்சிக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னீங்க. தாழ்ப்பாள்ல ஒரு கீறலும் இல்ல. கதவுல ஒரு வெடிப்பு இல்ல. யாரு தொறந்தது?"

முதலாளி என்னைப் பார்த்தார். மண்டபமே பார்த்தது. வேறு ஆளாக இருந்தால் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பான். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும், ஆமி முகாமில் அப்படித்தான் பழக்குவார்கள். மைக் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"நான்தான். பின்னால யாரும் இல்ல. இருந்தும் முன் கதவத்தான் தொறந்தேன்."

"ஏன்ணே?"

"அவரு எந்திரிச்சு நிப்பேன்னு சொன்னாரு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பீலியடியில் அவள் புருஷனிடமிருந்து சனங்கள் விலகியது போல, என்னைப் பார்த்தபடியே பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் விளங்கவில்லை. யாருக்கும் விளங்காது. அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், சேர். எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். ரிமாண்டில் என்னை மற்ற ஆட்களோடு போடாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்து ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். ஆமியில் இருந்தவன் என்று தெரிந்தால் சனங்கள் ஒரு மனிதனை என்ன செய்வார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவன்.