முன்வரிசை நடு இடம்

— அந்த முட்டி இப்ப எப்படிண்ணே இருக்கு?

— முட்டியா? பரவால்ல கோகிலா. மழை வந்தா மட்டும் கொஞ்சம் குத்தும். ஏன் வாசல்லயே நிக்கிற, உள்ள வா. சந்திரா! நம்ம சின்னப்பா சம்சாரம் வந்திருக்கு, கோப்பி கலக்கு!

— கோப்பி வேணாம்ண்ணே. நின்னே பேசிட்டுப் போயிடறேன். ஆஸ்பத்திரியில இருந்து நேரா நடந்து வரேன்.

— ஆஸ்பத்திரியில இருந்து காஜா பேராங் வரைக்கும் நடந்தா? இந்த வெயில்லயா? ஏன்டி, மூணு சக்கர பேச்சா வண்டி ஒன்னு பிடிச்சிருக்கக் கூடாது? பசியாறினியா இல்லியா?

— பசி இல்ல அண்ணி.

— கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு, பசி இல்லியாம். ஏழு வாரமா இதே பாட்டு. என்னங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னா கேக்கும்.

— அது இஷ்டம் சந்திரா, விடு. சின்னப்பா இன்னைக்கு எப்படி இருக்கான்?

— இன்னைக்கு வலி இல்லண்ணே.

— அப்படியா! நான்தான் சொன்னேனே, கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளியும்னு. போன வாரம் மெர்டேக்கா சுதந்திர ஊர்வலம் போச்சே, அன்னைக்குக்கூட ஆஸ்பத்திரி ஜன்னல தெறந்து விட்டேன். பேண்டு சத்தம் நல்லா கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

— ஒன்னு கேக்கத்தான் வந்தேன். எனக்கு அந்த ரக்பி ஆட்டமெல்லாம் புரியாதுண்ணே. புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ, எங்களுக்குத் தெரிஞ்சது காற்பந்துதான். கோலாலம்பூர்ல அவரு நின்னாரே ஒரு எடம், அது எப்படிப்பட்ட எடம்?

— இப்ப எதுக்கும்மா அது?

— ஒருத்தரும் எனக்குச் சொல்லலண்ணே. டாக்டர் கழுத்தெலும்பு படத்த வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. ஆட்டக்காரங்க பழக்கூடை அனுப்பினாங்க. எப்படி ஆச்சுன்னு மட்டும் யாரும் சொல்லல. நீங்கதானே ஆறு வருஷமா அந்த எடத்துல நின்னவரு.

— அது... ஸ்க்ரம்னு சொல்லுவாங்க. அந்தப் பக்கம் எட்டுப் பேரு, இந்தப் பக்கம் எட்டுப் பேரு. தலையக் குனிஞ்சு, ஒருத்தன ஒருத்தன் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு கெடாக்கூட்டம் முட்டிக்கிற மாதிரி முட்டணும். முன்வரிசையில மூணு பேரு. அதுல நடுவுல நிக்கிறவன் ஹூக்கர். அவனுக்குக் கையே கெடையாதுன்னு வச்சுக்க. ரெண்டு கையையும் ரெண்டு பக்கத்து ஆளு தோள்ல போட்டுத் தொங்குவான். நடுவுல பந்த உருட்டி விடுவாங்க. காலாலயே பின்னுக்கு இழுக்கணும்.

— கீழ விழுந்தா, கைய ஊனிக்க?

— ஊனிக்க முடியாது.

— அப்ப பின்னால இருக்கிறவங்க கனமெல்லாம்?

— கழுத்துலதான் எறங்கும்.

— என்னங்க, போதும். புள்ளயே நொந்து போய் வந்திருக்கு, இதப் போய் வெளக்கிக்கிட்டு.

— சொல்லட்டும் அண்ணி. எங்க வீட்டுக்காரரு அதுக்கு முன்ன அந்த எடத்துல நின்னிருக்காராண்ணே?

— இல்ல. அவன் பின்னால இருந்து தள்ளுற ஆளு. தீயணைப்பு பொம்பாவுல நாலு பேரு இழுக்கிற தண்ணிக் குழாயைத் தனியாளா இழுத்துக்கிட்டு ஓடுறவனாச்சே. அவன் தள்ளினா லோரி நகரும். ஆனா முன்வரிசை வேற வித்தை, கோகிலா. பலம் மட்டும் போதாது.

— பின்ன ஏன் அவரப் போயி நிறுத்தினாங்க?

— வேற ஆள் இல்ல. ஆட்டத்துக்கு மூணு நாள் இருக்கு, நான் முட்டி போச்சுன்னு சொல்லிட்டேன். மானேஜர் துரை பாடாங் மைதானத்துல எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டாரு, யாரு நிக்கிறீங்கன்னு. இவன் கையத் தூக்கிட்டான்.

— தூக்குவாரு. மலாயா சட்டை போடணும்னு அவ்வளவு ஆசை. சிங்கப்பூர்ல முதல் டெஸ்டு நடந்தப்ப, நீங்க பந்த இழுத்த இழுப்பப் பத்திப் பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அத எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. பேரத் தப்பா போட்டிருக்கான், ஆனாலும் அது நம்ம அண்ணன்தான்னாரு.

— ம்.

— முட்டி எப்பண்ணே போச்சு?

— ஈப்போவுல. ரெண்டாவது டெஸ்டுல.

— குளிக்கிற எடத்துல வழுக்கிட்டாரு கோகிலா. பாசி. நான் தேய்க்கணும் தேய்க்கணும்னு...

— ஈப்போவுலயா, குளிக்கிற எடத்துலயா?

— ரெண்டு எடத்துலயும்தான்! நீ என்ன, மாத்தா-மாத்தா போலீஸ் மாதிரி நிக்க வச்சுக் கேள்வி கேக்கிற? ஏழு வாரமா ஒரு ஞாயித்துக்கெழம விட்டிருக்காரா இந்த மனுஷன்? தலையில இரும்புக் கொக்கி மாட்டி அசையாம கெடக்கிற உன் வீட்டுக்காரருக்குத் தாடி மழிச்சு விட்டது யாரு? கஞ்சி ஊட்டினது யாரு?

— அண்ணன்தான். இல்லேன்னு நான் சொல்லலியே.

— பின்ன? கையத் தூக்கினது உன் வீட்டுக்காரரு. இவரா பிடிச்சுத் தள்ளிவிட்டாரு? நல்லது செய்யப் போயி இப்படிப் பேச்சு வாங்கணும்னு எங்க தலையில எழுதியிருக்கு.

— சந்திரா, வாய மூடு.

— நான் ஏன் மூடணும்?

— மூடுன்னா மூடு. கோகிலா, ஈப்போவுல ஆட்டம் முடிஞ்சு என்ன நடந்துச்சுன்னு சின்னப்பா சொன்னானா?

— கிளப்புல சாப்பாடு போட்டாங்கன்னாரு. உங்களையெல்லாம் பின்பக்கம் ஒக்கார வச்சாங்கன்னாரு. கோழி நல்லா இருந்துச்சாம்.

— கோழி நல்லா இருந்துச்சாம்! கேட்டியா சந்திரா? மெர்டேக்கா வந்து ஒரு வருஷம்கூட ஆகல அப்ப. எல்லார் நெஞ்சுலயும் ஒரே சின்னம், எல்லார் முதுகுலயும் ஒரே புழுதி. நம்ம டீம்ல இருந்த வெள்ளக்காரனெல்லாம் முன்வாசல் வழியா உள்ள போனான். வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்து எங்கள ஆட்டத்துல அடிச்சுத் தொவச்சவனும் முன்வாசல் வழியாப் போனான். நாங்க நாலு பேரு, நானு, சின்னப்பா, ஒரு மலாய் போலீஸ்காரரு, ஒரு சீன வாத்தியாரு. எங்கள மட்டும் கிளப்புல கணக்கெழுதுற கிராணி ஒருத்தன் வந்து நிறுத்தினான். கிளப் சட்டமாம். சமையக்கட்டுப் பக்கத்து வராண்டாவுல மேசை போட்டிருக்காம்.

— நீங்க சாப்பிடலியாம்.

— எப்படிச் சாப்பிடறது? வாத்தியாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. சின்னப்பா ரெண்டு தட்டு சாப்பிட்டான். ‘பசிக்குதுண்ணே, சோறு எங்க போட்டா என்ன’ன்னான். அன்னைக்கு அவன அறையணும் போல இருந்துச்சு எனக்கு.

— அதனாலதான் கோலாலம்பூருக்குப் போகலியா?

— என்னங்க, உள்ள வாங்க. வாங்கன்னு சொல்றேன்ல.

— ஆமா கோகிலா. அதனாலதான். முட்டியில ஒன்னுமே இல்ல.

— ஐயோ சாமி, என்ன பேச்சு பேசறீங்க! வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்! அந்த மானேஜர்தானே உங்க ஆபீஸ்ல பெரிய எஞ்சினியரு!

— அதுக்குத்தான் பொய் சொன்னேன். இந்த மாதிரி எடத்துல நான் ஆட மாட்டேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வரல. முட்டின்னு சொன்னேன். சந்திராதான் துணி சுத்தி விட்டா.

— சுத்தினேன். ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு வேற என்ன செய்யச் சொல்ற? நீயா இருந்தா சுத்த மாட்டியா?

— சுத்தியிருப்பேன் அண்ணி. மானத்துக்காக வெலகி நின்னீங்க. அதுல தப்பு ஒன்னும் இல்லியேண்ணே.

— அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

— அப்படின்னா?

— விடு தங்கச்சி. போதும்.

— இல்லண்ணே, சொல்லுங்க. உங்க வாயால கேட்டுட்டுத்தான் போகணும்னு வந்திருக்கேன்.

— கப்பல்ல வந்தவனுங்க முன்வரிசையில ஒருத்தன் இருந்தான். செவப்பு முடி. ஸ்க்ரம் முட்டும்போது என் பக்கத்து ஆளோட சட்டையப் பிடிச்சு வேணும்னே கீழ இழுப்பான். மொத்தக் கூட்டமும் எங்க மேல சரியும். ஈப்போவுல மூணு தடவ அப்படி விழுந்தேன். ஜூலை வெயிலு, தரை சிமெண்டு மாதிரி காஞ்சு கெடக்கு. மூணாவது தடவ கழுத்துக்குள்ள ஒரு சத்தம். கித்தா ரப்பர்க் காடு காயிற நேரத்துல கொட்டை வெடிக்குமே, அந்த மாதிரி. ரெண்டு கையும் இருக்கிறதே தெரியல. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் எறும்பு ஊர்ற மாதிரி திரும்பி வந்துச்சு. எந்திரிச்சு ஆடினேன். யாருக்கும் தெரியாது.

— என்னங்க, எனக்குக்கூடச் சொல்லலியே நீங்க!

— உன்கிட்ட என்னத்த சொல்ல? கிளப்பு, பின்பக்க மேசை, மானம், எல்லாம் நெசந்தான் கோகிலா. ஆனா அந்தக் கிளப்புல முன்வாசல தெறந்து விட்டிருந்தாலும் நான் கோலாலம்பூருக்குப் போயிருக்க மாட்டேன். பயம். அந்தச் செவப்பு முடிக்காரன் அங்கயும் நிப்பான்னு எனக்குத் தெரியும்.

— அத எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னீங்களா?

— கோகிலா...

— சொன்னீங்களாண்ணே?

— இல்ல.

— ‘ஒருத்தன் கீழ இழுப்பான், பாத்துக்கடா’ன்னு ஒரு வார்த்தை.

— சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அப்புறம் முட்டி பொய்னு தெரிஞ்சுடும். கருணாகரன் பயந்துட்டான்னு ஊரே பேசும். அவனுங்க பஸ் ஏறினப்ப நான் போனேன். ஜாலான் பெண்டஹாரா ரோட்டு முனையில நின்னேன். ஜன்னல் வழியா கைய நீட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டான். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ‘நல்லா ஆடு’ன்னு மட்டும் சொன்னேன்.

— முட்டியில துணியோட.

— துணியோட.

— நொண்டிக்கிட்டே.

— ஆமா, நொண்டிக்கிட்டே! இன்னும் என்ன சொல்லணும்? முதல் ஸ்க்ரம்லயே விழுந்துட்டான்னு அந்தப் போலீஸ்காரரு வந்து சொன்னப்ப, என் கழுத்து தப்பிச்சுதுன்னுதான் முதல்ல நெனச்சேன். அவன நெனைக்கல. அப்புறம்தான் அவன நெனச்சேன். போதுமா?

— அழாதீங்க. என்னங்க, எதுக்கு இப்படி... கோகிலா, உனக்குப் புண்ணியமாப் போகும், போயிடு. இந்த மனுஷனுக்கு ஏதாச்சும் ஆயிடும்.

— இல்ல சந்திரா, சட்டைய எடு. நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன். கட்டிலுகிட்ட நின்னு எல்லாத்தையும் சொல்லிடறேன். திட்டட்டும். மூஞ்சியில துப்பட்டும். இனிமே இத நெஞ்சுல வச்சுக்கிட்டு அவனுக்குக் கஞ்சி ஊட்ட முடியாது என்னால.

— அவருக்குத் தெரியும்ண்ணே.

— என்ன தெரியும்?

— உங்க முட்டி நல்லா இருந்துச்சுன்னு.

— எப்படி? யாரு சொன்னா?

— பஸ் ஏறினதுக்கு முந்தின சாயங்காலம் இந்த வீட்டுக்கு வந்தாரு. நடுவுல எப்படி நிக்கணும், எப்படிக் குனியணும்னு அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன்னு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனாரு. நீங்க கூரை மேல நின்னு தகரம் அடிச்சுக்கிட்டு இருந்தீங்களாம்.

— சுமத்ராக் காத்துல ஒரு தகரம் பிடுங்கிக்கிச்சு...

— ஏணியில எறங்கி, இன்னொரு தகரத்தத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு மறுபடி ஏறினீங்களாம். முட்டியில துணி இல்லியாம். வேலிகிட்ட நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டாரு.

— கூப்பிட்டிருக்கலாமே! ஏன் கூப்பிடல அவன்?

— நானும் அதத்தான் கேட்டேன். கூப்பிட்டா அண்ணன் எறங்கி வந்து என் முன்னால நொண்டிக் காட்டுவாரு, அதப் பாக்க முடியாதுன்னாரு.

— தெரிஞ்சுமா போனான்? தெரிஞ்சுமா அங்க போயி நின்னான்?

— முட்டி பொய்னு தெரியும். ஏன் பொய் சொன்னீங்கன்னு தெரியாது. கிளப்புல அப்படி நடந்துச்சே, அந்தக் கோவம்தான்னு நெனச்சாரு. அண்ணன் ரோஷக்காரருன்னாரு. செவப்பு முடிக்காரன் இழுத்தப்பதான் மிச்சம் புரிஞ்சுதுன்னு எங்கிட்ட சொன்னாரு.

— ஏழு வாரம்! ஏழு வாரமா நான் அவன் பக்கத்துல ஒக்காந்து, முட்டி வலிக்குதுன்னு தேய்ச்சு விட்டுக்கிட்டு... ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அவன்தான் கேக்கல, நீயாச்சும் சொல்லியிருக்கலாமே கோகிலா! ஏன் சொல்லல?

— சொல்லட்டுமா சொல்லட்டுமான்னு தெனமும் கேட்டேன்ண்ணே. ‘நான் இருக்கும்போது சொல்லாத, அண்ணன் வந்து கட்டிலப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு, என்னால மூஞ்சியத் திருப்பிக்கக்கூட முடியாது, நான் போனப்புறம் சொல்லு’ன்னாரு. காலைல ஆறு மணிக்குப் போயிட்டாரு. அதான் சொல்ல வந்தேன்.