வெள்ளிக் கால்

தி. நகர் பேருந்து நிலையத்தில் மயிலாப்பூர் பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் பையைத் துழாவிவிட்டுச் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரர் கால ஃபிரிட்ஜ் மேலயே வச்சிட்டு வந்துட்டேன்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“வெள்ளியில வாங்கனியே, அதாக்கா?”

“அதான். முட்டிவலி போவணும்னு அம்மனுக்கு வேண்டிக்கினு வாங்கனது. மூணு மாசமா மனுஷன் கட்டில விட்டு எறங்கல. தண்ணி கொடம், ரேஷன் கடை, அல்லாம் நான்தான். கடையில முட்டி மட்டும் கேட்டேன். முழுக்காலாதான் வருமாம்.”

“போவட்டும்க்கா. பாதத்தையும் சேத்துப் பாத்துக்குவா அம்மன்.”

மூத்தவள் வீட்டுக்குப் போன் போட்டாள். “ஃபிரிட்ஜ் மேல கீது பாரு. பாப்பாவாண்ட குடுத்தனுப்பு. பஸ் இன்னும் எடுக்கல.”

கொஞ்ச நேரத்தில் டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டும்போது லுங்கி கட்டிய ஒருவர் பஸ்ஸோடு சேர்ந்து ஓடி வந்து, உள்ளங்கையளவு வெள்ளிக் காலை ஜன்னல் வழியாக நீட்டினார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

“பாப்பா வூட்ல இல்ல” என்றார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த அவர் கால்களைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். உடனே நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

பாண்டி பஜார் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

“கோயிலாண்ட கடையில இத மாத்திக் குடுப்பாங்களாடி?”

“எதுக்குக்கா?”

“காலு நல்லாத்தான் கீது. நாக்கு இருந்தா வாங்கிப் போடணும்.”